காடு திருத்தும் சிறு வண்டி

அரை ஏக்கர் நிலத்தில் முட்புதர் மண்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு திருத்தப் புகுந்தால் வாரங்கள் பல கழியும். பெரிய புல்டோசரை வரவழைத்தாலோ, அது உள்ளே நுழைவதற்கே வேலியைப் பிரிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேலைக்கு ஏற்ற சிறு வண்டி ஒன்று உண்டு. ஸ்கிட் ஸ்டீர் என்பது அதன் பெயர். பாப்கேட் என்று பலர் அழைப்பது ஒரு நிறுவனம் இட்ட வணிகப் பெயரேயாகும்.

மாணவர்களே, இவ்வண்டி பிறந்தது காட்டிலன்று, கோழிக் கொட்டிலில். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராத்சே என்னும் சிற்றூரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர் இருவர் இரும்புப் பட்டறை நடத்தி வந்தனர். வான்கோழி வளர்க்கும் உழவர் ஒருவர் அவர்களை அணுகி, தூண்கள் நெருங்கிய கொட்டிலினுள் புகுந்து எச்சத்தை வாரவும், மேல்தளத்தில் ஏற்றினால் தளம் தாங்கவும் தக்க இலேசான வண்டி வேண்டும் என்றார். 1957-இல் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தனர். மறு ஆண்டு மெல்ரோ நிறுவனம் அதன் உற்பத்தியை மேற்கொண்டது. 1960-இல் நான்கு சக்கர வடிவம் வந்தது.

இவ்வண்டி திரும்பும் விதமே விந்தையானது. இதன் சக்கரம் எதுவும் காரின் முன்சக்கரம்போல வளையாது. இடப்பக்கத்து இரண்டும் ஒரு விசையாலும், வலப்பக்கத்து இரண்டும் வேறொரு விசையாலும் இயங்கும். ஒரு பக்கம் முன்னோக்கியும் மறு பக்கம் பின்னோக்கியும் செல்லுமாறு விட்டால், வண்டி நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுழலும். அப்போது சக்கரங்கள் தரையில் சறுக்குகின்றன. சறுக்கும் சக்கரம் மண்ணைக் கிழிக்கும். ஆகவே ஈர நிலத்தில் இதனை இறக்கலாகாது.

முன்புறத்தில் கருவிகளை மாற்றி மாற்றிப் பூட்டலாம் என்பதே இதன் சிறப்பு. சுழலும் அலகுகளால் புதரை வெட்டும் கருவி ஒன்று. வெட்டியதை இறுகப் பற்றித் தூக்கும் இடுக்கி ஒன்று. அடிக்கட்டையை அரைத்துத் தூளாக்குவது ஒன்று. வேலிக்கால் நடக் குழி துளைப்பது ஒன்று. மண் அள்ளும் வாளியோ எல்லோரும் அறிந்ததே.

ஆபத்தும் உண்டு. வெறும் வண்டியில் பளு பின்புறம் மிகுதி. வாளி நிறைந்ததும் அது முன்புறத்துக்கு மாறிவிடும். எனவே சரிவில் கனத்த பக்கம் எப்போதும் மேட்டை நோக்கியே இருத்தல் வேண்டும்; தவறினால் கவிழும். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் இறங்கும் வழி முன்புறமே, வாளிக்கு நேர் பின்னே உள்ளது. தூக்கிய வாளியின் கீழே இறங்க முயன்று உயிரிழந்தோர் உண்டு. வாளியைத் தரையில் வைத்து, எஞ்சினை நிறுத்திய பின்னரே இறங்க வேண்டும். புதர்வெட்டி கற்களைத் தொலைவில் வீசுமாதலின், வேடிக்கை பார்ப்போருக்கு அங்கு இடமில்லை.

இனி என் பிழையொன்றைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், தோட்டத்துக்கு ஒதுக்கிய நிலத்தைச் சீமைக்கருவேல் மூடியிருந்தது. வாடகைக்கு வந்த வண்டியில் வாளி மட்டுமே இருந்தது. "ஒரே நாளில் வழித்துவிடுகிறேன், சார்" என்றார் ஓட்டுநர். இடுக்கிக்குத் தனி வாடகை. அதை மிச்சப்படுத்த எண்ணி நானும் இசைந்தேன். மாலையில் தரை துடைத்து வைத்தாற்போல் இருந்தது; மகிழ்ந்தேன். ஆனால் முள்ளோடு மேல்மண்ணும் வழிக்கப்பட்டு வேலியோரம் குவிந்து கிடந்ததை நான் கருதவில்லை. முள்ளை வெட்டி, தூரை இடுக்கியால் வேரோடு பிடுங்கி, மண்ணை அங்கேயே உதறியிருக்க வேண்டும். அவ்வாண்டு மாணவர் நட்ட கத்தரியும் வெண்டையும் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டன. குவியலின்மேல் முளைத்த களையோ ஆள் உயரம் வளர்ந்தது!

அடுத்த கோடையில் அம்மண்ணைக் கூடையால் அள்ளி மீண்டும் நிலத்தில் பரப்பினோம். மாணவர் முப்பது பேருக்கு அது பதினொரு நாள் வேலையாயிற்று.