வராந்தாவுக்கு ஓர் ஆடும் நாற்காலி



1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் நகரின் ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது, அவர் உட்கார்ந்திருந்தது ஓர் ஆடும் நாற்காலியில். சிவப்புப் பட்டுத்துணி போர்த்திய அந்த நாற்காலி இன்று மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் ஊரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலை சாயும் இடத்தில் கறுப்பாக ஒரு கறை. பார்க்க வருகிறவர்கள் ரத்தம் என்று நினைத்துப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். அது தலைக்குத் தடவும் எண்ணெய். லிங்கனுக்கு முன்பே அதில் சாய்ந்து ஆடியவர்கள் விட்டுப்போனது.

அமெரிக்கர்களுக்கு இந்த நாற்காலிமேல் அப்படியொரு பிடிப்பு. கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று ஒரு கதைகூட வைத்திருக்கிறார்கள், ஆதாரம் கிடையாது. ஆனால் அதற்கென்று வீட்டில் ஓர் இடம் ஒதுக்கியவர்கள் அவர்கள்தான். வீட்டின் முகப்பில், தெருவைப் பார்த்தபடி, கூரை போட்ட மரத்தள வராந்தா. அங்கே போடுவதற்கு ஒன்றை வாங்குவதானாலும் செய்வதானாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேலே கண்ணுக்குத் தெரிகிற அழகைவிட, காலுக்குக் கீழே இருக்கிற வளைவுதான் விஷயம்.

நாற்காலியின் அடியில் வளைந்த மரச்சட்டங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அந்த வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 36 அங்குலத்திலிருந்து 45 அங்குலத்துக்குள் இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் நிற்கிறது. வட்டத்தின் மையம் அதற்கு மேலே இருக்கிறவரை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நாற்காலி தானாகவே திரும்பி வரும். ஆரத்தைக் குறைத்தால் ஆட்டம் நீண்டு, சோம்பலாகி, சுகமாகவும் இருக்கும். கூடவே பின்னால் கவிழ்ந்துவிடுவோமோ என்ற பயமும் வரும். ஆரத்தைக் கூட்டினால் நாற்காலி விறைத்துக்கொண்டு வெடுக்கு வெடுக்கென்று திரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்காகவே நல்ல தச்சர்கள் அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் மாதிரிச் சட்டம் வெட்டி, நாற்காலியை அதன்மேல் ஏற்றி, ஆளை உட்காரவைத்துப் பார்க்கிறார்கள்.

வளைவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதன் எந்தப் புள்ளி தரையைத் தொடுகிறது என்பதும் கணக்கு. ஆள் உட்கார்ந்ததும் நாற்காலி கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும், பாதம் தரையை விட்டு எழும்பக் கூடாது. குதிகாலை லேசாக அழுத்தினால் போதும், ஆட்டம் கிளம்ப வேண்டும். சட்டத்தின் பின்வால் முன்பக்கத்தைவிட நீளமாக இருப்பதும் கவிழாமல் காப்பதற்குத்தான். அந்த வாலில் இடித்துக்கொள்ளாத கால் அமெரிக்காவில் குறைவு. பூனைகளின் வால் கணக்கு தனி.

முதுகு வலிக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவை உலகத்துக்குச் சொன்னவர் ஜான் கென்னடி. அவருக்குத் தீராத முதுகு வலி. 1955-இல் அவருக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கிய ஜேனட் டிராவல் என்ற மருத்துவர், ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒரே நிலையில் இறுகிக்கிடக்கும் முதுகுத் தசைகள், ஆடும்போது மாறி மாறிச் சுருங்கித் தளர்கின்றன, வலி குறைகிறது. அவர் உட்கார்ந்தது, வட கரோலினாவின் ஆஷ்பரோ ஊரில் ஒரு நிறுவனம் செய்துகொண்டிருந்த நாற்காலி. ஓக் மரத்தை நீராவியில் வளைத்து, இருக்கைக்கும் முதுகுக்கும் பிரம்பு பின்னிய சாதாரணச் சரக்கு. வெள்ளை மாளிகைப் புகைப்படங்களில் அது தெரியத் தொடங்கியதும் ஊரெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் வைத்திருந்தவற்றில் ஒன்று 1996-இல் நியூயார்க் ஏலத்தில் நான்கரை லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த விலை நாற்காலிக்கு அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

நாற்காலிக்கென்றே மதிப்புக் கொடுக்க வேண்டுமானால் நான் அப்பலாச்சிய மலைப்பகுதிக்குப் போவேன். கென்டக்கியிலும் டென்னசியிலும் கிராமத்துத் தச்சர்கள் செய்துவந்த ஏணிமுதுகு நாற்காலி. நான்கு கால், அவற்றை இணைக்கும் உருட்டுக் குறுக்குக்கட்டைகள், ஏணிப்படி போல முதுகுப் பட்டைகள். பார்த்தால் ஒன்றுமே இல்லை. செய்கிற விதத்தைப் பார்த்தால்தான் அதன் மூளை தெரியும்.

மரத்தை அவர்கள் வாளால் அறுப்பதில்லை, ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள். வாள் மரத்தின் நாரை இடையிலேயே வெட்டிவிடும். பிளந்த கட்டையில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடும். அதனால் கட்டை ஒல்லியாக இருந்தாலும் முறியாது. அடுத்தது ஈரம். குறுக்குக்கட்டையை அடுப்புக்கு மேலே போட்டு நன்றாகக் காயவைப்பார்கள். கால் கட்டையில் கொஞ்சம் பச்சை ஈரம் விட்டுவைப்பார்கள். காலில் துளையிட்டு, குறுக்குக்கட்டையின் முனையான முளையை அடித்து இறக்கியபின் வேலையெல்லாம் மரத்துடையதுதான். கால் காயக் காயச் சுருங்கி முளையை நெரிக்கிறது. முளை அந்த ஈரத்தைக் குடித்து ஊதுகிறது. அதற்கும் மேலே ஒரு தந்திரம்: பக்கத்துக் குறுக்குக்கட்டைக்குத் துளை போடும்போது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் முன்கட்டையின் முளையை அந்தத் துளை ஓரத்தில் கொஞ்சம் கவ்வும்படி போடுகிறார்கள். இரண்டாவது முளை உள்ளே போனதும் முதலாவது பூட்டிக்கொள்கிறது. பிறகு அதைப் பிடுங்க வேண்டுமானால் காலையே உடைக்க வேண்டும். பசைக்கும் ஆணிக்கும் அங்கே வேலை கிடையாது. ஒரே மரத்தைப் பிளந்து நாற்காலி செய்யும் இந்தக் கலை அநேகமாக மறந்துபோன காலத்தில், ஜென்னி அலெக்சாண்டர் என்பவர் அதை 1978-இல் புத்தகமாக எழுதிவைத்தார். இன்று அமெரிக்காவில் பச்சைமர வேலை கற்றுக்கொள்கிறவர்களில் பலர் அந்தப் புத்தகத்தின் வழிவந்தவர்கள்.

ஷேக்கர் என்ற கிறிஸ்தவத் துறவுச் சமூகத்தாரும் இதே குடும்பத்து நாற்காலியைத்தான் செய்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் லெபனானில் பட்டறை வைத்து, குழந்தைக்கு 0 எண், பெரிய ஆளுக்கு 7 எண் என்று அளவு வகுத்து, 19-ஆம் நூற்றாண்டிலேயே பட்டியல் அச்சிட்டு விற்றார்கள். ஆளுக்குத் தக்க நாற்காலி என்ற எண்ணத்துக்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு. இன்றைய கடைகளில் குள்ளருக்கும் நெட்டையருக்கும் ஒரே அளவுதான்.

இனி சாம் மலூஃபைப் பற்றிப் பேசாமல் இருந்தால் மரவேலை தெரிந்த நேயர்கள் என்னை விடமாட்டார்கள். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு கலிஃபோர்னியாவில் 1916-இல் பிறந்தவர். 2009-இல் மறையும்வரை தன்னை மரவேலைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். மெக்கார்தர் நிதிநல்கை பெற்ற முதல் கைவினைஞர் அவர். அவருடைய ஆடும் நாற்காலியில் கால் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடினாலும் கிடைக்காது. வால்நட் மரத்தை இயந்திர வாளில் கைவாக்கிலேயே திருப்பித் திருப்பி அறுப்பார். அதை மற்றவர்கள் செய்யக் கூடாது என்று அவரே எச்சரிப்பார். அடிச்சட்டத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைப்பார். முதுகுக் கம்பிகள் இடுப்புக்கு நேரே உள்வளைந்து, சாயும்போது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். மனிதன் மரத்தில் செய்த நாற்காலிகளில் இதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் வராந்தாவுக்கு அது வேண்டாம் என்பேன். வால்நட் மரத்துக்கு மழைச் சாரலும் வெயிலும் ஆகாது. எண்ணெயும் தேன்மெழுகும் பூசி மினுக்கிய மேற்பரப்பு ஒரே கோடையில் வெளுத்துவிடும். அதைவிட, அப்படியொரு நாற்காலியில் ஈரத்துண்டோடும் காப்பிக் கோப்பையோடும் உட்கார மனம் வராது. உட்காரத் தயங்கவைக்கிற நாற்காலி வரவேற்பறையிலேயே இருக்கட்டும்.

வராந்தாவுக்கு ஓக் மரம் வாங்குகிறவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: வெள்ளை ஓக்கா, சிவப்பு ஓக்கா? வெள்ளை ஓக்கின் நுண்குழாய்கள் அடைபட்டிருக்கும், தண்ணீர் ஏறாது. விஸ்கி பீப்பாய் அதில் செய்வது அதனால்தான். சிவப்பு ஓக்கின் குழாய்கள் திறந்தவை. சாயமோ வார்னிஷோ இல்லாமல் மழையில் வைத்தால் கறுத்து உளுத்துவிடும். நம் ஊரில் செய்யச் சொல்கிறவர்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம், தேக்கு இருக்கிறது. பிரம்புப் பின்னல் கூரைக்குக் கீழே மட்டும். நனைந்து காய்ந்தால் தொய்ந்து முறியும்.

கடையில் இருக்கும்போது கூச்சப்படாமல் இரண்டு காரியம் செய்யுங்கள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிச்சட்டத்தில் மர ரேகை வளைவோடு ஓடுகிறதா என்று பாருங்கள். நேர்ப்பலகையிலிருந்து வளைவாக அறுத்த சட்டமென்றால் ரேகை வளைவை விட்டு ஓரத்தில் வெளியேறும். அந்த இடத்தில்தான் அது பிளக்கும். அப்புறம் சமதளத்தில் வைத்து, ஆள் இல்லாமல் ஆட்டிவிட்டுப் பாருங்கள். இரண்டு சட்டமும் ஒரே வளைவாக இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாற்காலி பக்கவாட்டில் நழுவும்.

முன்பக்கம் நகர்வது வேறு கதை. அமெரிக்க வராந்தாவின் தரைப்பலகைகள் மழைநீர் வழிவதற்காக வீட்டிலிருந்து வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாகப் போடப்பட்டிருக்கும். ஆட ஆட நாற்காலி படிப்பக்கம் ஊர்ந்துகொண்டே வரும். அதற்கு எந்தத் தச்சரும் பொறுப்பல்ல. பின்வாலுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விட்டு, அவ்வப்போது எழுந்து இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.