இடம் மாறினாலும் எண் மாறாது

கைத்தொலைபேசி நிறுவனத்தை மாற்றினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் வசதி மலேசியாவில் 2008 முதல் உண்டு. கணினிகளுக்கும் அத்தகைய வசதி இருப்பதை இன்று அறிவோம்.

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று ஐ.பி. முகவரி என்னும் எண்ணால் அறிகின்றன. ஒரு நிறுவனம் தன் சர்வர்களை விட்டுவிட்டுக் கிளவுட் நிறுவனத்தின் கணினிகளை வாடகைக்கு எடுத்தால், பொதுவாகப் புதிய எண்களே கிடைக்கும். இதில் என்ன நட்டம்? பழைய எண்களை மட்டும் உள்ளே விடுமாறு வாடிக்கையாளர்கள் தங்கள் கணினிகளில் பதிந்து வைத்திருப்பார்கள். புதிய எண் வாசலிலேயே நிற்கும். அதிலிருந்து வரும் மின்னஞ்சலும் சந்தேகத்திற்கு உள்ளாகலாம்.

ஆகவே, சொந்த எண்களையே உடன் கொண்டு செல்லலாம். அமேசான் 2018 முதல் இதற்கு இடமளிக்கிறது. நான்காம் பதிப்பு முகவரிகளாயின், இணையத்தில் அறிவிக்கப் பொதுவாகக் குறைந்தது 256 எண்கள் கொண்ட தொகுதி வேண்டும். அது ஏப்னிக் போன்ற பதிவகத்தில் நம் பெயரில் இருக்க வேண்டும். இன்ன நிறுவனம் இவற்றை அறிவிக்கலாம் என்று மின்னொப்பமிட்ட அனுமதியும் அங்கே பதிய வேண்டும். இந்தச் சோதனை இல்லையேல், பிறர் எண்ணைத் தமதென்று எவரும் கொண்டுவந்துவிடலாம் அல்லவா?

இவ்வகை முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடிதான். ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவகமான ஏப்னிக், 2011 ஏப்ரலில் தன் கடைசிப் பெருந்தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்கு மாறியது. கைவிட்ட எண்களைத் திரும்பப் பெறுவது அரிது. இடம் வாடகையாக இருக்கட்டும். எண் நம்முடையதாக இருந்தால், நாளை வேறிடம் செல்லும் சுதந்திரமும் நம்மிடமே இருக்கும்.