பிரஷர் இறங்கும்போது



கொழும்பு கொம்பனித்தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் பிரஷர் கூடியவர் ஒருவராவது இருப்பார். அலுமாரியில் கிளினிக் கொப்பி இருக்கும், குளிசைப் பெட்டி இருக்கும். பிரஷர் கூடினால் என்ன செய்வது என்று நமக்கு ஓரளவு தெரியும். திடீரென்று இறங்கினால்? ஒப்பரேஷன் தியேட்டரிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் வைத்தியர்களுக்குச் சில நிமிடங்களே அவகாசம் தருவது அந்த இறக்கம்தான். மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போதாமல் போனால் அவை வெகுநேரம் தாங்காது. இறங்கிய பிரஷரை ஏற்றும் மருந்துகளைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

யூனியன் பிளேஸ் பக்கம் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மேல்மாடிக் குழாயில் தண்ணீர் நூல்போல வடிகிறது என்றால், தாங்கியில் தண்ணீர் குறைந்திருக்கலாம், மோட்டார் இழுக்காமல் இருக்கலாம், கீழே எல்லாக் குழாய்களும் திறந்து கிடக்கலாம். உடம்பிலும் அப்படித்தான். இரத்தமோ நீரோ குறைந்திருக்கலாம், இதயம் தளர்ந்திருக்கலாம், இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்திருக்கலாம். ஆகவே நல்ல வைத்தியர் முதலில் கேட்பது, பிரஷர் ஏன் இறங்கியது என்பதை. எந்த மருந்து என்பது அதற்குப் பிறகுதான்.

சிசேரியன் சத்திரசிகிச்சையை எடுத்துக்கொள்வோம். டி சொய்சா வைத்தியசாலையிலும் காசல் வீதி வைத்தியசாலையிலும் கொழும்புத் தாய்மார் எத்தனையோ பேர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். சிசேரியனுக்குப் பெரும்பாலும் முள்ளந்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள். தாய் விழித்திருப்பார், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பார். ஆனால் அந்த ஊசி, வலியைக் கடத்தும் நரம்புகளோடு இரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகளையும் மரக்கச் செய்துவிடும். குழாய்கள் விரியும், பிரஷர் இறங்கும். "டொக்டர், வயிற்றைப் பிரட்டுது" என்று தாய் சொல்வதே பல நேரங்களில் முதல் அறிகுறி. வயிற்றிலுள்ள பிள்ளைக்குப் போகும் இரத்தமும் அப்போது குறையும்.

மயக்க மருந்து நிபுணர் இதை எதிர்பார்த்தே இருப்பார். கருப்பையின் பாரம் பெரிய நாளத்தை அமுக்காதபடி தாயை இடப்பக்கம் சற்றே சாய்த்துப் படுக்க வைப்பார். சேலைன் ஏற்றுவார். குழாய்களை மீண்டும் இறுக்க பினைலெப்ரின் என்ற மருந்தைக் கொடுப்பார். 2018இல் சர்வதேச நிபுணர் குழுவொன்று சிசேரியனுக்கு முதலில் பரிந்துரைத்ததும் இதைத்தான். தாயின் பிரஷரின் மேல் எண்ணை, ஊசிக்கு முன் இருந்த அளவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. முன்பு பெரிதும் பயன்பட்டது எபெட்ரின். சீன மூலிகையொன்றிலிருந்து 1885இல் ஜப்பானியரான நகாய் நகயோஷி பிரித்தெடுத்த மருந்து அது. அது பிள்ளைக்கும் கடந்துபோய் அதன் இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டும் என்று தெரிந்தபின் இரண்டாம் இடத்துக்குப் போனது. ஆனால் பினைலெப்ரின் இதயத் துடிப்பை மெதுவாக்கும். துடிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும் தாய்க்கு எபெட்ரின் இன்றும் கைகொடுக்கும்.

இந்த மருந்துகளின் வலுவை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். பினைலெப்ரினின் சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றில் வழக்கமாக 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு தடவைக்குத் தேவைப்படுவது 0.1 மில்லிகிராம் அளவு, அதாவது குப்பியில் நூறில் ஒரு பங்கு. ஆகையால் அதைச் சேலைனில் நூறு மடங்கு ஐதாக்கி, ஊசிக்குழாயில் பெயரையும் செறிவையும் எழுதி ஒட்டுகிறார்கள். பிரஷரை ஏற்றும் மருந்துகளின் ஒட்டுத்தாள் ஊதா நிறமாக இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. அவசரத்தில் கை தவறாமல் இருக்கத்தான் அந்த நிறம்.

இனி, தியேட்டருக்கு வெளியே வருவோம். கிருமித் தொற்று இரத்தத்தில் பரவிப் பிரஷர் விழுந்தால், அன்டிபயோட்டிக்கும் சேலைனும் கொடுத்து, அதோடு நோரட்ரினலினைப் பம்ப் மூலம் துளித்துளியாக ஏற்றுவார்கள். சராசரி அழுத்தம் 65க்குக் குறையக்கூடாது என்பது இலக்கு. நரம்பு நுனிகளில் நம் உடம்பே சுரக்கும் பொருள்தான் நோரட்ரினலின். அதைக் கண்டறிந்த சுவீடன் விஞ்ஞானி உல்ஃப் வொன் ஒய்லருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

டெங்குவில் கணக்கு வேறு. 2017இல் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். டெங்குவில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசிகிறது. நீரே இல்லாத குழாயை இறுக்குவதில் பயன் என்ன? அங்கே முதல் மருந்து, அளந்து கொடுக்கும் சேலைன்தான். குறைந்தாலும் ஆபத்து, கூடினால் நுரையீரலில் நீர் தேங்கும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நாம் ஆறுதல் அடையும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில்தான் இந்தக் கசிவு நடக்கும். பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கினால், அது அபாய அறிவிப்பு.

அடுத்தது கடுமையான ஒவ்வாமை. காலிமுகத்திடலில் ஓர் இறால் வடை, அல்லது ஓர் ஊசி, அல்லது ஒரு குளவிக் கொட்டு போதும். உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இறுகி, பிரஷர் விழும். இங்கே உயிர்காப்பது அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசை அரிப்பைக் குறைக்கும், விழுந்த பிரஷரைத் தூக்காது. குளிசையைப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அட்ரினலின் பற்றி உலகத்துக்கே நம் நாடு சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றும் உண்டு. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறி மருந்தே பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 நோயாளரிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வு, விஷமுறிக்கு முன் சிறிதளவு அட்ரினலினைத் தோலுக்கடியில் செலுத்தினால், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைகிறது என்று காட்டியது.

இவையெல்லாம் வைத்தியர் கையில் இருக்க வேண்டிய மருந்துகள். நம் கையில் இருப்பவை என்ன? சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். லொசாட்டான், எனலப்ரில் போன்ற குளிசைகள் மயக்க மருந்தோடு சேர்ந்து பிரஷரை அதிகம் இறக்கக்கூடும். அன்று காலை அவற்றைப் போடுவதா விடுவதா என்று வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒவ்வாமை இருந்தால், எந்த மருந்தால், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

வீட்டில் ஒருவர் வெளிறி, வியர்த்துச் சாய்ந்தால், மட்டமாகப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் அமர்ந்திருக்கட்டும், எழுந்து நடக்க விடாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தேநீரோ ஊற்றாதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. நம் ஒழுங்கைகள் ஒடுக்கமானவை. வீட்டிலிருந்து ஒருவர் சந்திக்குப் போய் நின்று வழிகாட்டினால், சில நிமிடங்கள் மிச்சமாகும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் போடும் குளிசைகளின் பெயரையும், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அவசரத்தில் வைத்தியர் முதலில் தேடுவது அந்தத் தகவலைத்தான்.