நுண்ணுயிர்க்கு இடும் உணவு



பாம்பனையும் மண்டபத்தையும் ஒட்டிய மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நீரில் மூழ்குகின்றனர். மூச்சடக்கிப் பாறையில் படர்ந்த பாசியைக் கையால் பறிக்கின்றனர். மரிக்கொழுந்துப் பாசி என்று அவர்கள் அழைப்பதை அறிவியலார் ஜெலிடியெல்லா அசெரோசா என்பர். கரையில் உலர்ந்து, மதுரைப் பக்கத்து ஆலைகளில் வெந்து, வடிகட்டப்பட்டு, அது அகார் என்னும் பொருளாகிறது. ரமலான் நோன்புக் காலத்தில் இவ்வட்டார இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் துண்டமிடும் கடற்பாசியும் அகாரே.

அகாருக்கு மருத்துவமனை ஆய்வகத்திலும் இடம் உண்டு. காய்ச்சல் தணியாத நோயாளியின் சளியையோ சிறுநீரையோ அகார்த் தட்டில் தடவி, ஓரிரவு இளஞ்சூட்டில் வைத்தால், காலையில் கிருமிகள் புள்ளி புள்ளியாகத் திரண்டு நிற்கும். எம்மருந்துக்கு அவை அடங்கும் என்பதை அதன்பின் அறியலாம்.

தொடக்கத்தில் அத்தட்டில் அகார் இல்லை. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் புரதம் அது. உடல் வெப்பமாகிய 37 பாகையில் அது உருகிவிடும். சில கிருமிகளோ அதனையே தின்று நீராக்கிவிடும். அவர் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பயன்பட்ட அகாரை 1881-இல் எடுத்துச் சொன்னார். 40 பாகைக்குச் சற்றுக் கீழே உறைந்த அகார் மீண்டும் உருக 85 பாகை வேண்டும். அக்கண்டுபிடிப்போடு அவ்வம்மையாரின் பெயர் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை.

நம் கடற்கரைப் பெண்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. 1986-இல் 21 தீவுகள் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின் அவர்கள் பாசி பறிக்கும் இடம் சுருங்கிற்று. பாசி மீண்டும் தழைக்க வேண்டுமென்று மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பதெனத் தாமே வரையறை செய்துகொண்டவர்கள் அவர்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அவர்கள் சார்பில் 2015-இல் சீகாலஜி பரிசு பெற்றார். தட்டைக் கையில் எடுப்போருள் எத்தனை பேர் இவர்களை நினைப்பர்?

ஆக, இலை கடலிலிருந்து வந்துவிட்டது. அவ்விலையில் பரிமாறப்படும் உணவு எங்கிருந்து வருகிறது? அகாரைப் பெரும்பாலான கிருமிகள் உண்பதில்லை. மாணவர் முதலில் கற்கும் ஊட்ட அகாரின் அளவு இது: ஒரு லிட்டர் நீருக்குப் பெப்டோன் 5 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 3 கிராம், உப்பு 5 கிராம், அகார் 15 கிராம்.

பெப்டோன் என்பது முன்னரே செரிக்க வைத்த புரதம். புரதம் நீண்ட சங்கிலி. முழுச் சங்கிலி கிருமியின் உறையைக் கடந்து உள்ளே செல்லாது. ஆகவே இறைச்சியை நொதியாலோ அமிலத்தாலோ சிறு துண்டுகளாக்கி, நீரில் கரையும் பொடியாக்குவர். பாலின் கேசினிலிருந்தும் சோயாவிலிருந்தும் கூட இதனைச் செய்யலாம்.

பாலும் பயறும் என்றவுடன் புலால் மறுத்தோர் மனம் ஆறுதல் அடையும். அங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். கேசினைத் துணிக்கப் பெரும்பாலும் பயன்படுவது விலங்கின் கணையத்து நொதி. பால் தூயது; அதை வெட்டிய கத்தி அப்படியன்று! சோயாவை வெட்டுவதோ பெரும்பாலும் பப்பாளிப் பாலில் கிடைக்கும் பப்பாயின். ஆய்வகங்கள் மிகுதியாகக் கையாளும் சோயா-கேசின் அகாரில் இவ்விரண்டுமே கலந்துள்ளன.

பித்த மாட்டு நோய் பரவிய பின் மாட்டுப் பொருள்களின் பிறப்பிடம் பற்றி மருந்துத் துறை கடுமையாக வினவத் தொடங்கிற்று. தாவரப் பெப்டோன்களுக்கு மதிப்பு உயர்ந்தது அருளால் அன்று, அச்சத்தால். மும்பையின் ஹைமீடியா நிறுவனம் ஹைவெஜ் என்னும் பெயரில் தாவரப் புரதங்களைக் கொண்ட ஊடகங்களையே விற்கிறது.

எல்லாம் மாறிவிடவில்லை. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் கிருமி சிவப்பணுக்களைச் சிதைக்கும் விதத்தைக் காண, ஆட்டுக் குருதி கலந்த தட்டே இன்றும் வழக்கில் உள்ளது. ஆட்டைக் கொல்வதில்லை, குருதி மட்டும் எடுக்கின்றனர். அதன்மேல் வளர்த்த கிருமிகளோ வேலை முடிந்ததும் 121 பாகை நீராவியில் மாள்கின்றன. ஓரறிவுயிர்க்கும் இரங்கும் மரபில் வந்தோர்க்கு இது எளிதில் விடை கிடைக்கும் கேள்வி அன்று. நோயாளியின் உயிரும் உயிரே.

நுண்ணுயிரியல் பயிலும் பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புட்டியின்மேல் 'பெப்டோன்' என்றிருப்பதோடு நின்றுவிடாமல், எதன் புரதம், எந்த நொதியால் துணித்தது என்று விற்போரைக் கேட்கலாம். விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.