கடன் தீர்ந்த மறுமாதம்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை



கடனில் இருந்து மீள்வது எப்படி என்று எனக்கு முன்னர் பேசியவர்கள் நல்ல பல வழிகளைச் சொன்னார்கள். நான் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடனைக் கட்டி முடித்த மறுமாதம் என்ன செய்வது? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அந்த மாதம்தான்.

தொலைக்காட்சியில் முகம் தெரிகிறவர்களுக்குக் கைநிறையச் சம்பளம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பொதுமக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்து முடித்து இந்த வேலைக்கு வந்தவள். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற கணக்குதான். தீபாவளி மாதத்தில் 5,000 வெள்ளி வரும். சில மாதங்களில் 2,700 வெள்ளிதான் வரும். ஆனால் செலவை நான் எப்போதும் தீபாவளி மாத வருமானத்தை வைத்தே செய்தேன். திரையில் ஒரு முறை கட்டிய சேலையை மறுமுறை கட்டக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக் கொண்டேன். இரண்டு கடன் பற்று அட்டைகளில் 19,000 வெள்ளி, தனிநபர் கடன் 12,000 வெள்ளி. ஆக மொத்தம் 31,000 வெள்ளி. இவ்வளவும் எந்த மருத்துவச் செலவுக்காகவும் வாங்கியதல்ல.

மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டால் போதும், நாம் ஒழுங்காக இருக்கிறோம் என்று நம்பிக் கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்கிறேன். நம் நாட்டில் கடன் பற்று அட்டைக்கு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி. தவணை தவறாமல் கட்டுகிறவருக்கு 15, அடிக்கடி தவறுகிறவருக்கு 18. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு. 18 விழுக்காடு வட்டியில் 5,000 வெள்ளி பாக்கி இருந்தால் முதல் மாதம் கட்ட வேண்டியது 250 வெள்ளி. அதில் 75 வெள்ளி வட்டிக்கே போய்விடும். பாக்கி குறையக் குறைய கட்டும் தொகையும் குறைவதால் கடன் இழுத்துக் கொண்டே போகும். அந்த அட்டையில் மேற்கொண்டு ஒரு காசுகூடச் செலவு செய்யாவிட்டாலும், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி அந்த 5,000 வெள்ளியை முடிக்க ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நானோ செலவும் செய்து கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் ஏகேபிகே அலுவலகத்தின் படியேறினேன். பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. "தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ" என்று முகத்தை மறைத்துக் கொண்டு போனேன். அங்கே யாரும் என்னை ஏளனமாகப் பார்க்கவில்லை. என் கடன்களை ஒரே தவணையாக்கி, மாதம் 640 வெள்ளி, ஐந்து ஆண்டுகள் என்று ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். அட்டைகள் இரண்டும் போயின. அறுபது தவணைகளும் கட்டினேன். சென்ற ஆண்டு மார்ச் மாதம் கடைசித் தவணை முடிந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகிழ்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், அடுத்த மாதம் முதல் 640 வெள்ளி கையில் நிற்குமே என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. புதிய கைப்பேசி, கொஞ்சம் நல்ல காடி, அம்மாவுக்கு ஒரு சங்கிலி என்று அந்த ஒரே 640 வெள்ளியை நான்கு முறை செலவழித்துவிட்டேன். கடனைக் கட்டியவர்கள் மீண்டும் கடனில் விழுவது இந்த இடத்தில்தான் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

நான் பிறந்தது பேராக்கில் ஒரு தோட்டத்தில். 555 புத்தகம் என்றால் இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். சட்டைப்பையில் வைக்கும் சிறிய புத்தகம். தோட்டத்துக் கடையில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கினால் கடைக்காரர் அதில் எழுதுவார். சம்பளம் போட்டதும் அப்பா போய்க் கட்டுவார். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று கடைக்காரருடையது. மற்றொன்றை அம்மா தாமே எழுதி வந்தார். மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அப்பா கையில் காசைக் கொடுப்பார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத என் தாயாருக்கு இருந்த கணக்கறிவு, டிப்ளோமா வாங்கிய எனக்கு இல்லாமல் போனது.

ஏப்ரல் முதல் தேதி நானும் ஒரு 555 புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் என் வருமானம் 2,700 வெள்ளி என்று எழுதினேன். நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மோசமான மாதத்தில் கடன் வாங்க வேண்டி வரும். ஆகவே, குறைந்த மாதத்தையே அளவாகக் கொண்டேன். வீட்டு வாடகையில் என் பங்கு 650, சாப்பாடு 500, பெட்ரோலும் டோலும் 300, அம்மாவுக்கு 300, கைப்பேசி, இணையம் 110, உடையும் ஒப்பனையும் 100. மொத்தம் 1,960 வெள்ளி. மீதி 740. அதில் 100 வெள்ளி என் விருப்பத்துக்கு. 640 வெள்ளியை முன்பு போலவே தவணை என்று நினைத்து, பணம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுகிறேன். முன்பு வங்கிக்குக் கட்டியதை இப்போது எனக்கே கட்டுகிறேன்.

அந்த 640 எங்கே போகிறது? 300 வெள்ளி அவசரச் சேமிப்புக்கு. மூன்று மாதச் செலவுக்கான தொகை, ஏறக்குறைய 6,000 வெள்ளி சேரும் வரை அதைத் தொடுவதில்லை. நல்ல மாதத்தில் கூடுதலாக வருவதும் அங்கேதான் போகும். 240 வெள்ளி, ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவுகளுக்கு. சாலை வரி, காப்புறுதி 900, தீபாவளி 800, மொய்யும் விசேஷங்களும் 700, காடி பழுதுக்கு 480. கூட்டினால் 2,880. பன்னிரண்டால் வகுத்தால் 240. தீபாவளி எந்த மாதம் வரும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அது திடீரென்று வந்துவிட்டது போலத்தான் கடன் வாங்குகிறோம். மீதி 100 வெள்ளி ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்துக்கு. என்னைப் போல் முதலாளி இல்லாமல் உழைக்கிறவர்கள் தாமாகவே செலுத்தும் திட்டம் அது. அரசாங்கமும் ஓர் ஊக்கத்தொகை சேர்க்கிறது.

இப்படித் திட்டம் போட்ட இரண்டாவது வாரமே சோதனை வந்தது. ஒரு வங்கியிலிருந்து தொலைபேசி. "உங்களுக்கு 20,000 வெள்ளி கடன் தயாராக இருக்கிறது" என்றார்கள். ஒழுங்காகக் கட்டி முடித்ததற்கு இது பரிசாம். அதே மாதம் என் தம்பி வந்தான். அவனுக்குத் திருமணம். "அக்கா, மண்டபச் செலவுக்கு 8,000 வெள்ளி குறைகிறது. எனக்குப் பேங்க்கில் கிடைக்கவில்லை. நீ எடுத்துக் கொடு, மாதா மாதம் நான் கட்டிவிடுகிறேன்" என்றான். பேங்க்கில் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

முடியாது என்று சொன்னேன். சேர்த்து வைத்திருந்ததில் 1,000 வெள்ளி கொடுத்தேன். அம்மா அழுதார். "கூடப் பிறந்தவனுக்குச் செய்யாத காசு எதற்கு?" என்று உறவினர் ஒருவர் என் காதுபடவே கேட்டார். விருந்தினர் எண்ணிக்கையைப் பாதியாக்கி, கோயிலில் தாலி கட்டி, சமூக மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். திருமணம் நன்றாகவே நடந்தது. ஆனால் தம்பிக்கு என் மேல் உள்ள வருத்தம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. பேச்சு இருக்கிறது, பழைய கலகலப்பு இல்லை. சிக்கனத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. அதை மறைத்துவிட்டு உங்கள் முன் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அன்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒரு தவணை தவறினாலும் எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் இந்தப் பேச்சும் நின்று போயிருக்கும்.

சேலைச் சட்டத்தையும் ரத்து செய்துவிட்டேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, "ஏம்மா, போன மாதம் கட்டின சேலையையே இந்த மாதமும் கட்டிக்கிட்டு வந்தியே?" என்றார். "ஆமாம் ஆன்ட்டி, இன்னும் நல்லா இருக்குல்ல" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்திடம் போய் "சேமியுங்கள்" என்று நான் உபதேசம் செய்தால் அது நியாயமாகாது. இல்லாத காசை எந்தப் புத்தகமும் உண்டாக்காது. ஆனால் எவ்வளவு குறைகிறது, எந்த மாதத்தில் குறைகிறது என்பதை முன்கூட்டியே காட்டும். அது தெரிந்தால் ஆ லோங்கிடம் ஓடுவதற்கு முன்னால், ஆலோசனை கேட்கவும் உதவிக்கு மனு செய்யவும் நமக்கு நேரம் இருக்கும்.

நேயர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். முதல் மாதம் எந்தச் செலவையும் குறைக்க வேண்டாம். ஒட்டுக்கடை தே தாரிக் முதல் காடித் தவணை வரை எல்லாவற்றையும் எழுதுங்கள், அது போதும். மாதக் கடைசியில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் படியுங்கள். எதைக் குறைக்க வேண்டும் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

என் அப்பா காலத்தில் அந்தப் புத்தகத்தில் கடனைத்தான் எழுதினார்கள். என் புத்தகத்தில் இன்று வரை கடன் என்று ஒரு வரிகூட இல்லை. நாளைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்றிரவு வீட்டுக்குப் போனதும், இங்கே வந்து போன பெட்ரோல் செலவை எழுதி வைக்கப் போகிறேன்.