வேப்பிலை செருகிய வீடு
(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவிலே சமயப் பெருமை பேசுவது வழக்கம். நான் பேச எடுத்துக்கொண்டதோ கொவிட் காலத்து ஊரடங்கு. "முடிந்துபோன கதையை ஏன் கிளறுகிறீர்?" என்று சிலர் நினைக்கலாம். முடிந்துபோயிற்று என்று மறந்துவிட்டால், இன்னொரு நோய் வரும்போது பழைய பிழைகளையே திரும்பவும் செய்வோம். ஆகையினாலேயே பேசுகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை, நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. பாடசாலைகள் அதற்கு முன்னரே மூடப்பட்டுவிட்டன. முதற் சில வாரங்கள் சனங்கள் அடங்கியே இருந்தார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டோம். நாட் செல்லச் செல்லச் சலிப்பு வந்தது. ஜூன் மாத முடிவில் ஊரடங்கு முற்றாக நீங்குவதற்குள், அதை மீறிப் பிடிபட்டோர் தொகை 60 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இத்தனை பேரும் கட்டுப்பாடு அற்றவர்களா? நான் அப்படிக் கொள்ளவில்லை. எங்கள் சனம் கட்டுப்பாடு அறியாத சனம் அன்று. அம்மை கண்ட வீட்டு வாசலிலே வேப்பிலை செருகிவைப்பது நம் பாட்டன் பாட்டி காலத்து வழக்கம். அதைக் கண்டவர்கள் உள்ளே போகமாட்டார்கள். அந்த வீட்டாரும் வெளியே வரமாட்டார்கள். தண்ணீர் வார்க்கும் வரை அப்படியே இருப்பார்கள். எந்தப் பொலிசும் அங்கே காவல் நிற்கவில்லை. அது எப்படி நடந்தது? அயல் வீட்டுக்காரி கஞ்சியும் இளநீரும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். விலகி நின்றார்கள்; கைவிடவில்லை. அதுதான் அதன் இரகசியம்.

நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். வாந்திபேதியினாலும் காய்ச்சலினாலும் வழியிலே மடிந்தவர்கள் பலர். மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியில் நம்மவர் கொண்ட பக்திக்குப் பின்னால் இந்தத் துயரமும் உண்டு. பிற்காலத்திலே தோட்டங்களுக்கு வந்தோரை மண்டபம் முகாமிலே தடுத்துவைத்து, அம்மைப்பால் குத்தி, பிறகே அனுப்பினார்கள். நோயைத் தடுக்க அது வேண்டியிருந்தது. ஆயினும் முகாமில் நின்றவனுக்கு ஏன் நிற்கிறோம் என்று எடுத்துச் சொன்னார் யார்? அவன் மனிதனாக அல்ல, சரக்காகவே எண்ணப்பட்டான். வேப்பிலையும் தடைதான், மண்டபமும் தடைதான். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நினைவில் வையுங்கள்.

நிற்க. நம் காலத்துக் கதைக்கு வருவோம். தோட்டத்திலே கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. ஆனால் கொழும்புக் கடைகளில் வேலை செய்த நம் பிள்ளைகள், கடை பூட்டியதும் சம்பளமும் இல்லாமல், ஊருக்கு வர வழியும் இல்லாமல் தவித்தார்கள். அரசாங்கம் வறிய குடும்பங்களுக்கு 5000 ரூபா கொடுத்தது. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு அது எத்தனை நாளைக்கு? "வீட்டில் இரு" என்பது அரிசி உள்ள வீட்டுக்கு ஒரு பொருள். அரிசி இல்லாத வீட்டுக்கு வேறு பொருள்.

படிப்பின் கதையும் இதுவே. தொலைபேசியிலே பாடம் என்றார்கள். ஒரு லயன் வீட்டிலே மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதற்கும் மலை உச்சிக்கு ஏறினால்தான் தொடர்பு. 2021 ஒக்டோபரில் பாடசாலைகள் படிப்படியாகத் திறந்தபோது சில வாங்குகள் வெறுமையாக இருந்தன. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். நோய்க் கணக்கிலே இவர்கள் பெயர் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாய் இருக்கிறது. கொவிட்டால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்று 2020இல் விதித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. நமக்கு எரிப்பது வழக்கமாதலால் நமக்கு வலிக்கவில்லை. நம்மோடு ஒரே சந்தையில் நிற்கும் முஸ்லிம் சகோதரருக்கு அது நெஞ்சில் நெருப்பு. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. 2024 ஜூலையில் அரசாங்கமே மன்னிப்புக் கேட்டது. அன்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? நான் திறக்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால், கட்டுப்பாடே வேண்டியதில்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். சலிப்புக்கும் விலை உண்டு. 2021 சித்திரைப் புத்தாண்டிலே தளர்ந்தோம், நோய் பெருகியது. ஓகஸ்ட் 20ஆந் திகதி மீண்டும் நாட்டை மூடினார்கள். ஒக்டோபர் முதலாந் திகதியே திறந்தார்கள். நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் இறந்த நாட்களும் இடையில் உண்டு. மொத்தத்தில் 16 ஆயிரம் பேருக்கு மேல் இழந்தோம். அவர்களுள் மிகப் பலர் முதியவர்கள். இளைஞன் ஒருவனுக்கு வந்த சலிப்பு, அவன் வீட்டுக் கிழவியின் மூச்சை நிறுத்தியிருக்கவும் கூடும்.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். முதலாவது, நம் ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தனித்து வாழும் முதியோர் யார், அன்றாடக் கூலியை நம்பிய வீடுகள் எவை என்று இப்போதே எழுதிவையுங்கள். வெள்ளம் வந்தாலும் மண்சரிவு வந்தாலும் அந்தக் குறிப்பு உதவும். இரண்டாவது, அந்நாட்களில் படிப்பை விட்ட பிள்ளைகளைத் தேடுங்கள். திரும்பப் பள்ளிக்கூடம் போகும் வயது கடந்திருந்தால், மாலையிலே எழுத்தும் கணக்கும் ஒரு தொழிலும் கற்றுக்கொடுங்கள். மூன்றாவது, ஒரு தடை வந்தால் கீழ்ப்படியுங்கள், அதே சமயம் "ஏன்? யாருக்கு அதிகம் சுமை?" என்று மரியாதையோடு கேளுங்கள். சுமை அயலானின் தலையில் விழுந்தாலும் கேளுங்கள்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. இளைஞர் அடங்காதவர்கள் என்று குறை கூறுமுன், அந்நாட்களில் உங்கள் வாசலுக்கு மருந்தும் அரிசியும் தூக்கி வந்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

இனியும் ஒரு நாள் கதவை அடைக்க நேரிடலாம். அன்று நம் ஊரிலே, அடைத்த ஒவ்வொரு கதவின் முன்னும் ஒரு பாத்திரம் கஞ்சி இருக்கவேண்டும். அதற்குப் பொறுப்பு இந்த மண்டபத்தில் இருக்கும் நாமே.