கோணிய விரல்களும் ஒரு லட்சம் கண்களும்

(ராதாபுரத்தில் விவசாயக் கூலிகள், மில் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியது)



ஏழைப் பிள்ளை டாக்டரானான் என்று ஒரு நாடகம் போட்டால் நம் ஊரில் கூட்டம் நிறையும். முதல் காட்சியில் குடிசை. நடுவில் தாயார் அழுவார். கடைசிக் காட்சியில் மகன் வெள்ளைக் கோட்டோடு வந்து நிற்பான். அமெரிக்காவில் பென் கார்சன் என்ற கறுப்பின டாக்டரின் கதையை 2009-ல் படமாக எடுத்தார்கள். வீட்டு வேலை செய்து பிழைத்த தாயின் மகன். 1987-ல் தலை ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரித்த சர்ஜன். மனத்தைத் தொடும் கதைதான். ஆனால் அதே டெட்ராயிட் நகரில் அவரைப் போலவே பாத்திரம் துலக்கிய மற்றத் தாய்மார்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இம்மாதிரிக் கதைகளில் அவர்களுக்கு மேடையில் இடம் கிடைப்பதில்லை.

நம் பக்கத்து டாக்டர் ஒருவர் கதையை இன்று சொல்கிறோம். எட்டயபுரத்துக்குப் பக்கம் வடமலாபுரம். அன்று அது நம் திருநெல்வேலி ஜில்லா. அங்கே 1918 அக்டோபர் 1-ந் தேதி பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. கரிசல் காட்டுச் சம்சாரி வீடு. கூலிக்காரர் பிள்ளை என்று நாம் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இருந்தது, எருமை இருந்தது. எருமையை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு, செருப்பில்லாமல் நடந்து போய்ப் படித்தார். காகிதம் கிடையாது; ஆற்று மணலைத் தரையில் பரப்பி விரலால் எழுதினார்கள். உறவுப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இறந்தார்கள். காப்பாற்ற ஊரில் டாக்டர் இல்லை. பிரசவ டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் சிறு வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-ல் டாக்டரானார். பட்டாளத்தில் சேர்ந்தார். 1948-ல் முடக்குவாதம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. விரல்கள் கோணிப் போயின. பேனா பிடிக்க முடியவில்லை. எழுந்து நிற்பதே பெரும் பாடு. பிரசவ வைத்தியம் இனி ஆகாது. அப்புறம்? கண் வைத்தியம் படித்தார். கோணிய விரலுக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்வித்துக் கொண்டு, கண்ணில் கத்தி வைக்கக் கையைப் பழக்கினார். அந்தக் கையால் தம் ஆயுளில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தார்.

நாடகக்காரர் இங்கே திரை போடுவார். நாம் போட மாட்டோம்.

ஒன்றைக் கவனியுங்கள். அவரைச் சர்ஜன் ஆக்கியது சர்க்கார் கல்லூரி, அதாவது ஜனங்களின் வரிப்பணம். அவரும் மதுரை எர்ஸ்கின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 1956 முதல் இருபது வருஷம் வேலை பார்த்தார். 1976-ல் ஓய்வு பெற்றதும், தம்பி தங்கைமாரைச் சேர்த்துக் கொண்டு மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வீடு அடமானம் போயிற்று, நகையும் போயிற்று. 1988-ல் திருநெல்வேலியிலும் ஒன்று வந்தது.

அங்கே நடந்த வேலைமுறை மில் தோழர்களுக்குச் சட்டென்று புரியும். பஞ்சை அடித்து, நூற்று, பாவு ஓட்டி, நெய்கிற வரை ஒரே ஆள் செய்தால் ஒரு நாளில் எத்தனை முழம் தேறும்? அதுபோல, கண்ணைச் சோதிப்பது, மருந்து விடுவது, ஆளைத் தயார் செய்வது எல்லாவற்றையும் பழக்கப்பட்ட கிராமத்துப் பெண்கள் செய்தார்கள். இரண்டு மேஜை பக்கத்தில் பக்கத்தில். ஒன்று முடிந்ததும் டாக்டர் அடுத்ததற்குத் திரும்புவார். மில்லில் வேகத்தைக் கூட்டினால் நாம் கொடி பிடிக்கிறோம், ஏனென்றால் அந்த வேகம் முதலாளியின் பைக்குப் போகிறது. இங்கே பணம் கட்டினவர் கட்டணத்தில் கட்ட முடியாதவருக்கும் சிகிச்சை நடந்தது. அந்தப் பெண்களின் சம்பளம் என்ன, வேலை நேரம் என்ன என்றும் நாம் கேட்போம். கேட்பதால் டாக்டரின் பெருமை குறையாது.

புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டுச் சோடாப் புட்டிக் கண்ணாடி மாட்டிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து யானை விலைக்கு வந்தது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்று தொழிற்சாலை வைத்து, அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு அதைச் செய்தார்கள். 2006 ஜூலை 7-ல் டாக்டர் காலமானார். மேஜைகள் காலியாகவில்லை. ஒரு அபூர்வமான கையை நம்பி நடந்த வேலையாக அவர் அதை விட்டுவைக்கவில்லை. ஏறிப் போன எத்தனையோ பேர் ஏணியைக் கூடவே எடுத்துப் போனதை நாம் பார்த்திருக்கிறோம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். கிராமங்களில் இலவசக் கண் முகாம் வைத்தும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று இந்த ஆஸ்பத்திரிக்காரர்களும் சேர்ந்து ஆராய்ந்து 1999-ல் வெளியிட்டார்கள். கண்ணில் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை! ஆபரேஷன் இலவசம், பஸ் சார்ஜ் இலவசமா? போகிற நாள் கூலி? துணைக்கு வருகிறவர் கூலி? ஆட்டை யார் பார்ப்பது? ஏழையின் கணக்கு இது. அவர்களே வண்டியும் சோறும் ஏற்பாடு செய்தார்கள். கூலிக்கு மட்டும் யாரும் வழி சொல்லவில்லை.

பனையேறிக்குக் கண் மங்கினால் உயிருக்கே ஆபத்து. பீடி சுற்றும் அக்காமார் தட்டை மடியில் வைத்துக் கொண்டு, நூல் கட்டுவது தெரியாமல் விரலால் தடவிக் கட்டுகிறார்கள். பீடி கழிவு என்று ஒதுக்கினால் அதுவும் நஷ்டம். கேட்டால் “வயசாச்சுய்யா, அவ்வளவுதான்” என்கிறார்கள். வயசானால் கண் போயே தீரும் என்று எந்தச் சட்டமும் இல்லை, தாயே!

ஆகவே நாம் ஒரு யோசனை வைக்கிறோம். துணைக்குப் போகிறவரின் இரண்டு நாள் கூலியைச் சங்கக் கிளை தரட்டும். ஆட்டையும் பிள்ளையையும் பக்கத்து வீடு பார்க்கட்டும். நெல்லை ஹைகிரவுண்ட் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், அரவிந்துக்கும் போகலாம். கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்போம். வீட்டில் கண் மங்கியவர் இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.